சரி எழுதாத தாள்

விவாகரத்து ஏன் பெருகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மாதத்துக்கு ஒருவராவது எழுதிவிடுகிறார். கைப்பேசி என்கிறார், பெண்கள் கை நிறையச் சம்பாதிப்பது என்கிறார், இந்தக் காலத்தவர்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார். எழுதுகிறவர்களில் ஒருவராவது தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறியவராகத் தெரியவில்லை. பிரேமலா விஷயத்தில் கைப்பேசி குற்றவாளி இல்லை. குடி இல்லை, அடி இல்லை, வேறொருத்தி இல்லை, மாமியார்கூட இல்லை. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரு நீல நிறப் பஸ் மட்டும்தான்.

அந்தப் பஸ் மாலை ஐந்து ஐம்பதுக்குச் செர்டாங் கடைத்தெரு முனையில் அவளை ஏற்றிக்கொண்டு கூலிமில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகும். மறுநாள் காலை எட்டே காலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். அவள் கணவன் திவாகரன் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்தால், ஓவர்டைம் முடிந்து வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அவள் வரும்போது அவன் இல்லை, அவன் வரும்போது அவள் இல்லை. அவளுக்கு நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, அந்த ஓய்வும் விட்ட தூக்கத்தைப் பிடிப்பதிலேயே போய்விடும். அவனுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அவளுடைய ஓய்வு ஞாயிற்றில் வந்து விழுந்தால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் தீபாவளி. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது.

பகல் ஷிஃப்ட் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷமும் அடுத்த வருஷம் என்றார்கள். பிறகு அவளுக்கே பழகிவிட்டது. பிள்ளை ஏன் இல்லை என்று கேட்கும் உறவுக்காரிகளிடம், "பஸ்காரன்கிட்ட கேளுங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

அவர்கள் தாளில் குடும்பம் நடத்தினார்கள். அவள் வேலை செய்த இடத்தில் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவனிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. ஆலைச் சத்தத்தில் அது அடித்தாலும் கேட்காது. ஆகவே மளிகைக் கடையில் இலவசமாகத் தரும் தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம்தான் இருவருக்கும் பேச்சு. எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போவார்கள். 'கேஸ் தீரப் போகுது.' 'மீன் குழம்பு கீழ்த்தட்டில இருக்கு, சூடு பண்ணிக்குங்க.' 'மோட்டார் பிரேக் பாத்தாச்சு.' 'இருமல் மருந்து மேசை மேல. ரெண்டு மூடி.' படித்தவர் அடியில் 'சரி' என்று எழுத வேண்டும். சரி எழுதிய தாள் அடுப்படிச் சுவரில் தொங்கும் கம்பியில் போய் ஏறும். கடைக்காரர்கள் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி வளைந்த கம்பி. சரி எழுதாதது கதவிலேயே இருக்கும். இது யார் போட்ட சட்டம் என்று இருவருக்குமே நினைவில்லை. கம்பி நிறைந்தால் திவாகரன் கட்டாகக் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். ஒன்றைக்கூட எறிந்ததில்லை.

அவன் 'சரி' எழுதுவது ஒரு தனி அழகு. ரி-யின் மேல் வளைவை இழுத்து இழுத்து, ச-வுக்கும் சேர்த்துக் கூரை போட்டுவிடுவான். காலையில் வந்ததும் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றுவதற்கு முன் பிரேமலா அந்தக் கூரையைத்தான் தேடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் நின்றது. நாற்பத்திரண்டாம் வயதில் பிரேமலா முதல் முறையாகப் பகலில் விழித்திருக்கும் மனைவியானாள். இனிமேல்தான் வாழப் போகிறோம் என்று புதிதாக மெத்தை விரிப்பெல்லாம் வாங்கிப் போட்டாள். ஆனால் மாலை ஆறரைக்கு ஓர் ஆண்பிள்ளை வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவனிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

"இன்னைக்கு வெயிலு ஜாஸ்தி" என்பாள்.

"ம்" என்பான்.

கெட்டவன் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். அவள் பார்க்கும் நாடகம் முடியும் வரை தொலைக்காட்சிப் பக்கமே வரமாட்டான். வாய்தான் திறக்காது. குறுகிய வீட்டில் இரண்டு விருந்தாளிகள் தங்கியதுபோல, ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். கூடவே இருந்தும் அவனை நினைத்து அவள் ஏங்கினாள் என்றால் சிரிக்காதீர்கள். இரவு ஷிஃப்டில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபோதுகூட அவன் இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை.

நாலு மாதம் பொறுத்தாள். ஒரு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திவாகரன் அவளைத் தாண்டிப் போனான். காலண்டரில் தாள் கிழித்தான். நின்றபடியே எழுதினான். குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனான். அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். 'நாளைக்குச் சீக்கிரம் போகணும்.'

நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பாவி மனுஷன் எழுதி ஒட்டுகிறான்!

"நான் உசுரோட இங்கதான இருக்கேன்? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது. மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அவளும் ஒரு தாள் கிழித்தாள். 'அக்கா வீட்டுக்குப் போறேன். என்னைத் தேடி வராதீங்க.'

கோபித்துக்கொண்டு போகிற எந்தப் பெண்தான் வா என்று எழுதுவாள்? வராதே என்றால் வந்து கூட்டிப்போ என்று அர்த்தம், இது ஊருக்கே தெரியும். ஆனால் திவாகரன், தாளில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்து பழகியவன். மருந்து வாங்கு என்றால் வாங்குவான். வராதே என்றால் வரமாட்டான். அக்கா ஊரான ஜித்ராவுக்குப் போகும்போது பிரேமலாவுக்கு இது தோன்றவே இல்லை.

அக்கா குணசுந்தரிக்கு ஜித்ராவில் தையல்கடை. பிரேமலா அங்கே பொத்தான் தைத்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் தலையைத் தூக்கினாள். அவன் மோட்டாரின் சத்தம் அவளுக்குத் தெரியும், ஆனாலும் தூக்கினாள். தைப்பூசம் போயிற்று, சித்திரை போயிற்று. கைப்பேசியில் அவன் எண்ணை எடுப்பாள், வைப்பாள். போனில் அந்த 'ம்'-ஐக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று விட்டுவிடுவாள்.

அப்போதுதான் பழைய தொழிற்சாலைத் தோழி காஞ்சனா ஒரு சேதி சொன்னாள். செராய் என்றால் மலாயில் விவாகரத்து. நம்மவர்கள் வாயிலும் அந்தச் சொல்தான் சுலபமாக வருகிறது.

"செராய் கேட்டு நேரா கோர்ட்டுக்குப் போக முடியாதுலா பிரேமா. மொதல்ல பதிவிலாகாவுல டிரிபியூனல்னு ஒன்னு வைப்பாங்க. ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, சேந்து வாழ முடியுமான்னு பேசிப் பாப்பாங்க. எங்க நாத்தனா செராய் கேட்டுப் போனவதான். புருஷனோட மோட்டார்ல ஒக்காந்து வந்தா."

"கூப்பிட்டா அவரு வருவாரா?"

"கவர்மெண்டு லெட்டர்டி. வராம எங்க போவாரு?"

பிரேமலாவுக்குப் பொறி தட்டியது. தாளில் எழுதினால் செய்கிற மனுஷன். வா என்று ஒரு தாள் போகட்டும், அரசாங்கமே எழுதி அனுப்பட்டும். அவள் எண்ணம் இவ்வளவுதான். புருஷனை எதிரே உட்காரவைத்து நாலு வார்த்தை பேசவைப்பதற்காக விவாகரத்து கேட்டு மனுப் போட்டாள். அக்காவிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இப்பதான் ஒனக்குப் புத்தி வந்துருக்கு" என்று அக்கா முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அலோர் ஸ்டாரில் அலுவலகம். பச்சைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு போனாள். விவாகரத்துக்கு இப்படியா போவார்கள் என்று வாசலில் நின்ற காவலாளிகூட ஒரு மாதிரி பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. நடுவில் இருந்த மலாய் அம்மாள் தன்மையானவர். "சுவாமி தா டாத்தாங் லாகி?" என்று கேட்டார். மலாயில் கணவனுக்குச் சுவாமி என்றுதான் பேர். சுவாமி இன்னும் வரவில்லையா என்கிறார்.

"தூரம்மா, மோட்டார்ல வரணும். வந்துருவாரு" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். காத்திருந்தார்கள். சுவாமி எழுந்தருளவில்லை.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது முறை. மறுபடி பச்சைச் சேலை, மறுபடி காலி நாற்காலி. மூன்றாவது முறை டிசம்பரில், நல்ல மழை. அந்த அம்மாள் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, இனி அவரைக் கூப்பிட மாட்டோம், சான்றிதழ் தந்துவிடுகிறோம், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று மெதுவாகச் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது. படியிறங்கிக் கீழே வந்தாள். தாளில் எழுதியதை அவன் செய்யாமல் விட்டது இதுதான் முதல் தடவை. அப்படியானால் என்னை வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்று, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

வழக்கறிஞர் கல்யாணச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றார். அது செர்டாங் வீட்டு அலமாரியில் இருந்தது. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் ஆலையில் இருக்கும்போதே போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். இன்றைக்கென்று அவர் வீட்டில் இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்தாள். புக்கிட் மெர்தாஜத்தில் ரயில் மாறி, பாரிட் புந்தாரில் இறங்கி, வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. வாசல் பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பையில் பழைய இடத்திலேயே இருந்தது.

அலமாரியில் சான்றிதழ் இல்லை. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள் குளிர்பெட்டிக்கு முன் நின்றுவிட்டாள். கதவில் ஐந்து தாள்கள் ஒட்டியிருந்தன. 'நாளைக்குச் சீக்கிரம் போகணும்' என்ற அவன் தாள். அதில் அவள் சரி எழுதவில்லை. 'என்னைத் தேடி வராதீங்க' என்ற அவள் தாள். பக்கத்தில் வரிசையாக மூன்று அரசாங்கக் கடிதங்கள். அவள் தாளைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். எங்கும் அந்தக் கூரை போட்ட எழுத்து இல்லை.

மூன்று மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்த சத்தம்தான். திவாகரன் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். இளைத்திருந்தான்.

"சாப்டியா?" என்றான்.

"இந்நேரத்துக்கு எப்படி வந்தீங்க? ஓவர்டைம் இல்லையா?"

"இப்பல்லாம் பாக்கறதில்ல. நீ வந்தா வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதுல்ல."

"எங்கிட்டதான் சாவி இருக்கே."

"இருந்தாலும்."

வந்த வேலையைச் சொன்னாள். "கல்யாண சர்டிபிகேட் எங்க? அலமாரில காணோம்."

"மோட்டார் சீட்டுக்கு அடியில இருக்கு. அது இல்லாட்டி கோர்ட்டுல கேஸ் எடுக்க மாட்டாங்களாம். பரஞ்சோதி அண்ணன் சொன்னாரு."

பரஞ்சோதி செர்டாங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அங்கே கத்திரியைவிட வாய் அதிகம் ஓடும். சட்டம், வைத்தியம், ஜாதகம் எதுவானாலும் இலவசம்.

"லெட்டர் வந்துச்சே, மூணு தடவ. ஏன் வரல?"

"போனா செராய்க்குச் சம்மதம்னு ஆயிரும், கையெழுத்து வாங்கிருவாங்க, போகாம இருந்தா கேஸ் அப்படியே நின்னுரும்னு அவருதான்..."

பரஞ்சோதி சொன்னது நேர் தலைகீழ். கூப்பிட்டும் வராதவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. வராததையே காரணமாக எழுதி அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். காப்பாற்றத்தான் அவள் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள்.

"சேத்து வைப்பாங்கன்னுதாங்க கூப்பிட்டேன்" என்றாள். "ஒங்கள பாக்கணும்னுதான்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "மூணாவது வாட்டி வந்தேன்" என்றான். "கீழ, மோட்டார் நிறுத்துற எடத்துல நின்னேன். பச்சச் சேல கட்டிருந்த. மழைக்கு ஒதுங்கி நின்னு அழுத. கிட்ட வந்தா மேல இழுத்துட்டுப் போயி கையெழுத்து வாங்கிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவ்வளவு தூரம் மழையில் மோட்டார் ஓட்டி வந்து, இருபது அடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அவனை அடிக்கலாம்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் கையில் இருந்த தாளை நீட்டினாள்.

"இதுல ஏன் சரி எழுதல?"

திவாகரன் தாளைப் பார்த்தான். அதை இந்தப் பதினைந்து மாதமாக நாள் தவறாமல் பார்த்திருப்பான்.

"சரி இல்லையே, பிரேமா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த பெரிய பேச்சு அதுதான். இன்னும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது.

"அப்ப நான் என்ன செய்யணும்? சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் உதடு அசைந்தது. கண் கலங்கியது. கடைசியில் வந்தது இதுதான்: "ட்ரெயின் எத்தன மணிக்கு?"

பிரேமலா விருட்டென்று எழுந்து குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். முகத்தில் தண்ணீரை அடித்து அடித்து ஊற்றினாள். வெளியே வந்தபோது அவன் மோட்டாரைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தான். பாரிட் புந்தார் வரை அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிற்று. சட்டையில் ஆலை எண்ணெய் வாசம் அடித்தது. முகத்தை அந்த முதுகில் வைக்கலாமா என்று வழிநெடுக யோசித்தாள், வைக்கவில்லை. நிலையத்தில் அவன் மோட்டார் இருக்கையைத் தூக்கி, பிளாஸ்டிக் பை சுற்றிய சான்றிதழை எடுத்துக் கொடுத்தான். ரயில் நகரும்வரை அசையாமல் நின்றான்.

கேட்டதும் கொடுத்துவிட்டானே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. நிபோங் திபால் தாண்டியதும் பையைப் பிரித்தாள். சான்றிதழோடு ஒரு காலண்டர் தாள் இருந்தது. அன்றைய தேதி. பின்பக்கம் அவசர அவசரமாக எழுதியிருந்தான். 'போகாதே. எனக்குப் பேச வராது. பழகிக்கறேன்.'

"இந்த மனுஷன!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். நேருக்கு நேர் நின்று கேட்டேனே, அப்போது வராத வாய், நான் முகம் கழுவுகிற நேரத்தில் எழுதி வைக்கிறதே என்று கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் பயந்துபோய்க் காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பிரேமலா அதை வாங்கிக்கொண்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டாள். தாளைத் தொடையில் வைத்து, அவன் எழுதியதற்கு அடியில் 'சரி' என்று எழுதினாள். ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணலாகத்தான் வந்தது.

எழுதிய பிறகுதான் வீட்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. சரி எழுதிய தாள் கம்பியில் ஏற வேண்டும். படம் பிடித்து அனுப்பலாம் என்றால் அந்தப் பொத்தான் கைப்பேசியில் படம் தெரியாது. கம்பியோ செர்டாங்கில், அடுப்படிச் சுவரில் தொங்குகிறது.

புக்கிட் மெர்தாஜத்தில் எப்படியும் ரயில் மாற வேண்டும். இறங்கினாள். வடக்கே போகும் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. அவள் நடைமேடை இருக்கையிலிருந்து எழவில்லை. அக்கா போன் செய்தாள்.

"சர்டிபிகேட் கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா."

"ட்ரெயின் ஏறிட்டியா?"

"ஏறப் போறேன்."

எந்தப் பக்கத்து ரயில் என்று அக்கா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய், தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாரிட் புந்தார் ரயில் வர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. பதினைந்து மாதம் பொறுத்திருந்தவளால் அந்த நாற்பது நிமிஷத்தைப் பொறுக்க முடியவில்லை.